‘டவுட்’, ‘சஸ்பெக்ட்’: இரண்டும் சந்தேகம்தான், சாயும் பக்கம் வேறு

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்டவருக்கு ஊர் பாலக்கோடு. ஓசூரில் உதிரிபாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் தரப் பிரிவில் வேலை. அனுப்பிய பாகங்களில் விரிசல் இருப்பதாக வெளிநாட்டு வாடிக்கையாளர் புகார் அனுப்பியிருக்கிறார். இங்கிருந்து எல்லாம் நல்லபடியாகத்தான் போயின, வழியில்தான் அடிபட்டிருக்க வேண்டும் என்பது இவருடைய எண்ணம். அதைச் சொல்ல ‘வீ டவுட் தட் த கிராக் ஹாப்பன்டு டியூரிங் டிரான்ஸ்போர்ட்’ என்று எழுதிவிட்டார். ‘போக்குவரத்தில் நடந்ததல்ல என்று நீங்களே சொன்னதற்கு நன்றி, இனி ஆலைக்குள்ளேயே காரணத்தைத் தேடுங்கள்’ என்கிற மாதிரி பதில் வந்திருக்கிறது. மேலாளர் பார்த்துவிட்டு ‘சஸ்பெக்ட்னு போட்டிருக்கணும்பா’ என்றாராம். ‘அகராதியில் இரண்டுக்கும் சந்தேகம் என்றுதானே இருக்கிறது? எதை எங்கே போடுவது? பெங்களூரில் நேர்காணலுக்குப் போனால் ஐ ஹேவ் எ டவுட் என்று சொல்லலாமா, கூடாதா?’ என்று கேட்டிருக்கிறார்.

உங்கள் மேலாளர் சொன்னது சரி. ‘டவுட்’ போட்டால் அந்த வாக்கியத்துக்கு ‘போக்குவரத்தில் விரிசல் விழுந்திருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை’ என்று பொருள். ‘சஸ்பெக்ட்’ போட்டால் ‘போக்குவரத்தில்தான் விழுந்திருக்கும் என்று நினைக்கிறோம்’. ஒரே ஒரு சொல்லில் பொருள் நேர் எதிராகப் புரண்டுவிட்டது. வாடிக்கையாளர் குதர்க்கம் பண்ணவில்லை, எழுதியதை எழுதியபடி படித்திருக்கிறார். உடனே இன்னொரு மடல் போட்டு, முந்தைய வாக்கியத்தை எடுத்துக்காட்டி, ‘வீ சஸ்பெக்ட் தட் த கிராக் அக்கர்டு டியூரிங் டிரான்ஸிட்’ என்று திருத்திவிடுங்கள். இரண்டு வரி போதும். கூடவே அப்படி நினைக்கக் காரணம் என்ன என்பதையும் சேருங்கள்: அனுப்பும் முன் எடுத்த சோதனை அறிக்கை, பெட்டி நசுங்கிய படம், எது கையில் இருக்கிறதோ அது. ‘சஸ்பெக்ட்’ என்று எழுதினால் அடுத்த கேள்வி ‘ஏன்?’ என்றுதான் வரும்.

இனி வித்தியாசத்துக்கு வருவோம். அகராதி பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொல்லியிருக்கிறது. ஒரு விஷயம் உறுதியாகத் தெரியாத நிலை இரண்டு வினைகளிலும் உண்டு. ஆனால் தராசு முள் நடுவில் நிற்பதில்லை. ‘சஸ்பெக்ட்’ என்பவர் ‘இருக்கும்’ என்ற பக்கம் சாய்கிறார். ‘டவுட்’ என்பவர் ‘இருக்காது’ என்ற பக்கம் சாய்கிறார். சொல்பவர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார் என்பதை ஆங்கிலம் வினையிலேயே கட்டி வைத்திருக்கிறது.

தமிழில் இந்த வேறுபாடே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில் இருக்கிறது. ‘மழை வருமோ என்று சந்தேகமாக இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் நீங்கள் காயப்போட்ட கேழ்வரகை அள்ள ஓடுவீர்கள். ‘மழை வருமா என்பது சந்தேகம்தான்’ என்று சொன்னால் அள்ளாமல் விட்டுவிடுவீர்கள். இரண்டிலும் அதே மழை, அதே சந்தேகம். திசையைக் காட்டுவது ‘வருமோ என்று’, ‘வருமா என்பது’ என்ற வால்தான். முதலாவது ஆங்கிலத்தில் ‘சஸ்பெக்ட்’, இரண்டாவது ‘டவுட்’. ‘அவன் எடுத்திருப்பான் என்று சந்தேகப்படுகிறேன்’ என்பது ‘சஸ்பெக்ட்’. ‘அவன் எடுத்திருப்பானா, சந்தேகம்தான்’ என்பது ‘டவுட்’. ‘அவர் கல்யாணத்துக்கு வருவது சந்தேகம்’ என்றால் கண்ணை மூடிக்கொண்டு ‘டவுட்’. நாம் பேசும்போது இதில் ஒருவரும் தடுமாறுவதில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது வாலை விட்டுவிட்டு ‘சந்தேகம்’ என்ற தலையை மட்டும் மொழிபெயர்க்கிறோம். தடுமாற்றம் அங்கேதான் வருகிறது.

தலையை மொழிபெயர்க்கும்போது ‘டவுட்’தான் முதலில் நாக்கில் வருகிறது, அதற்கும் காரணம் உண்டு. ‘டவுட்டு’ ஏற்கெனவே தமிழ்ச் சொல்லாகிவிட்டது. ‘டவுட்டு இருந்தா கேளு’ என்று ஆசிரியர் சொல்கிறார், ‘அவன் மேலதான் எனக்கு டவுட்டு’ என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார், ‘வண்டி ஸ்டார்ட் ஆகறது டவுட்டுதான்’ என்று மெக்கானிக் சொல்கிறார். கேள்வி, குற்றம் சாட்டும் எண்ணம், நம்பிக்கையின்மை மூன்றையும் இந்த ஒரே டவுட்டு சுமக்கிறது. ஆங்கிலத்தில் மூன்றும் தனித்தனி. மெக்கானிக் சொன்னது மட்டும்தான் ஆங்கில ‘டவுட்’. அக்கா சொன்னது ‘சஸ்பெக்ட்’. ஆசிரியர் சொன்னது வெறும் ‘கொஸ்டின்’. ‘சஸ்பெக்ட்’ நம்மிடம் இவ்வளவு நெருங்கி வரவில்லை. போலீஸ் செய்தியில் கேட்டிருப்போம், கொரோனா காலத்தில் ‘சஸ்பெக்ட் கேஸ்’ என்று கேட்டிருப்போம். அதனால் அது ஏதோ குற்றத்துக்கும் நோய்க்கும் மட்டும் உள்ள சொல் என்ற நினைப்பு வந்துவிட்டது.

ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்களுக்கும் இதே கதைதான். இரண்டு மொழியிலும் சந்தேகத்துக்கு அன்றாடம் புழங்கும் சொல் ‘அனுமானம்’ (கன்னடத்தில் ‘அனுமான’). அதுவும் இரண்டு பக்கமும் போகும். தமிழில் அதே அனுமானம் ஊகம் என்ற பொருளில் நிற்கிறது. ‘சஸ்பெக்ட்’ என்ற வினைக்குள் அந்த ஊகம்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் பிரிவில் இருக்கும் மூன்று மொழிக்காரர்களும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள் என்றால் ஆச்சரியப்படாதீர்கள். ‘எல்லாரும் இப்படித்தானே எழுதுறாங்க’ என்ற தைரியம் வெளிநாட்டு மடலில் செல்லாது.

சரி, எப்படிச் சோதிப்பது? எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு, இலக்கணப் புத்தகங்களில் பெரும்பாலும் பின்பக்கத்தில் ஒளிந்திருக்கும். ஆங்கிலத்தில் ‘எனிபடி’, ‘எனிதிங்’, ‘எவர்’ போன்ற சொற்கள் எதிர்மறை வாக்கியத்திலும் கேள்வியிலும்தான் இயல்பாக வரும். சாதாரண உடன்பாட்டு வாக்கியத்தில் ‘சம்படி’, ‘சம்திங்’. நம் ‘யாரும்’, ‘யாரோ’ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: யாரும் வரவில்லை, யாரோ வந்தார்கள். இப்போது பாருங்கள். ‘ஐ டவுட் எனிபடி கேம்’ சரியான ஆங்கிலம். ‘ஐ சஸ்பெக்ட் எனிபடி கேம்’ தவறு, ‘ஐ சஸ்பெக்ட் சம்படி கேம்’ என்றுதான் சொல்ல வேண்டும். அதாவது ‘டவுட்’ வெளியில் ‘நாட்’ இல்லாமல் இருந்தாலும் வயிற்றுக்குள் ஒரு ‘நாட்’டை வைத்திருக்கிறது. ‘ஐ டவுட் ஹி வில் எவர் பே’ என்றால் ‘அவன் எந்தக் காலத்திலும் கட்டப் போவதில்லை’ என்று அர்த்தம். ‘ஐ சஸ்பெக்ட்’ போட்டு அந்த ‘எவர்’ஐ அங்கே நுழைக்க முடியாது.

வயிற்றில் ‘நாட்’ இருப்பதால் இன்னொன்றும் நடக்கிறது. ‘ஐ டவுட் X’ என்பதும் ‘ஐ சஸ்பெக்ட் நாட் X’ என்பதும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். கிருஷ்ணகிரியில் மாம்பழக் காலத்தில் நெடுஞ்சாலை ஓரம் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்தப் பழத்தைக் கையில் எடுத்துப் பார்க்கிறீர்கள். தோல் ஒரே சீராக மஞ்சள், உள்ளே காய்த்தன்மை, வாசனையும் இல்லை. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்தது என்று தோன்றுகிறது (கால்சியம் கார்பைடு போட்டுப் பழுக்கவைப்பது நம் நாட்டில் தடை செய்யப்பட்டது). ‘ஐ சஸ்பெக்ட் தீஸ் வேர் ரைப்பன்டு வித் கார்பைடு’ என்று சொல்லலாம். ‘ஐ டவுட் தீஸ் ரைப்பன்டு நேச்சுரலி’ என்றும் சொல்லலாம். இரண்டிலும் உங்கள் எண்ணம் ஒன்றே. ஆனால் பின்னால் வரும் வாக்கியம் மாறிவிட்டது, கவனியுங்கள். ‘சஸ்பெக்ட்’டுக்குப் பின்னால் நீங்கள் உண்மை என்று நினைப்பதைப் போடுகிறீர்கள். ‘டவுட்’டுக்குப் பின்னால் பொய் என்று நினைப்பதைப் போடுகிறீர்கள். ‘ஐ டவுட் தீஸ் வேர் ரைப்பன்டு வித் கார்பைடு’ என்று சொன்னால் கடைக்காரருக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட்டு வந்தீர்கள் என்று பொருள்.

ஒகேனக்கல்லுக்கும் இதே கணக்கு. கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறுகிறது என்று செய்தி வருகிறது. தண்ணீர் அதிகமானால் பரிசலும் குளியலும் தடை என்பது நமக்குத் தெரிந்ததுதான். பெங்களூரிலிருந்து கிளம்ப நிற்கும் நண்பருக்கு ‘ஐ டவுட் தே ஆர் அலவிங் கோரக்கிள்ஸ் டுடே’ என்று எழுதினால் ‘பரிசல் விடமாட்டார்கள் என்று நினைக்கிறேன்’. ‘ஐ சஸ்பெக்ட் தே ஹேவ் ஸ்டாப்டு த கோரக்கிள்ஸ்’ என்றாலும் அதுவேதான். வினைகளை மட்டும் இடம் மாற்றிவிட்டால் நண்பர் குடும்பத்தோடு வந்து ஆற்றங்கரையில் நின்றுகொண்டு உங்களுக்கு போன் போடுவார்.

அடுத்து, வாக்கியக் கட்டுமானம். ‘டவுட்’டுக்குப் பின்னால் ‘தட்’, ‘இஃப்’, ‘வெதர்’ மூன்றும் வரும். ‘சஸ்பெக்ட்’டுக்குப் பின்னால் ‘தட்’ மட்டும்தான் வரும். ‘ஐ சஸ்பெக்ட் வெதர்’ என்று ஒரு கட்டுமானமே கிடையாது. நீங்கள் எழுத நினைத்த தமிழ் வாக்கியத்தில் ‘-ஆ’ என்ற கேள்வி ஒட்டு, ‘என்பது சந்தேகம்’ என்ற முடிவோடு வந்தால் அது ‘வெதர்’, ஆகவே ‘டவுட்’. பழைய இலக்கண ஆசிரியர்கள் உடன்பாட்டில் ‘டவுட் வெதர்’ என்றும் எதிர்மறையில் ‘டோன்ட் டவுட் தட்’ என்றும் கறாராகச் சொல்வார்கள். இப்போது ‘ஐ டவுட் தட்’ சாதாரணமாகப் புழங்குகிறது. என் காதுக்கு ‘டவுட் வெதர்’ கொஞ்சம் திறந்த மனதோடு பேசுகிறது, ‘டவுட் தட்’ ஏறக்குறைய ‘இல்லை’ என்று முடிவுகட்டிவிட்டது. அலுவலக மடலில் ‘வெதர்’ பணிவாக இருக்கும்.

ஆளைப் பற்றிப் பேசும்போது வித்தியாசம் இன்னும் கூர்மையாகிறது. ‘ஐ சஸ்பெக்ட் ஹிம்’ என்றால் அவர் ஏதோ தப்பு செய்திருக்கிறார் என்று நினைக்கிறீர்கள். ‘ஐ டவுட் ஹிம்’ என்றால் அவர் சொல்வதை நம்பவில்லை, அல்லது அவரால் முடியும் என்ற நம்பிக்கை இல்லை. முன்னதில் குற்றவாளிக் கூண்டு இருக்கிறது, பின்னதில் இல்லை. என்ன தப்பு என்று சொல்ல ‘ஆஃப்’ வேண்டும்: ‘தே சஸ்பெக்ட் ஹிம் ஆஃப் ஸ்டீலிங் காப்பர் வயர்’. ‘டவுட் ஹிம் ஆஃப்’ என்பது நம்மூர் ஆங்கிலத்தில் மட்டும் உள்ளது, எங்கும் எழுதாதீர்கள். ‘ஐ ஆம் டவுட்டிங் ஆன் ஹிம்’ என்பதும் அப்படியே. இரண்டு வினைகளும் மனநிலையைச் சொல்பவை என்பதால் ‘-இங்’ வடிவமும் சாதாரணமாக ஒட்டாது.

கேட்டதற்கு ஒற்றை வரியில் பதில் சொல்லும்போது: ‘ஐ டவுட் இட்’ என்றால் ‘அப்படி இருக்காது’. ‘ஐ சஸ்பெக்ட் சோ’ என்றால் ‘அப்படித்தான் இருக்கும்’. ‘ஐ சஸ்பெக்ட் நாட்’ மறுபடி ‘இருக்காது’. ‘ஐ டவுட் சோ’ கிடையாது.

இந்த இரண்டு சந்தேகமும் ஒரே விஷயத்தில் எதிரெதிரே நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் நாளிதழைப் பிரித்தால் போதும். ‘சந்தேகத்தின் பேரில் இருவரைப் பிடித்து போலீஸார் விசாரிக்கின்றனர்’ என்று ஒரு செய்தி. சில வருடம் கழித்து அதே வழக்கில் ‘சந்தேகத்தின் பலனை அளித்து நீதிமன்றம் விடுதலை செய்தது’ என்று இன்னொரு செய்தி. தமிழில் ஒரே சொல் ஒருவரை உள்ளே தள்ளுகிறது, அதே சொல் வெளியே விடுகிறது. சட்டத்தின் ஆங்கிலத்தில் முதலாவது ‘சஸ்பிஷன்’, இரண்டாவது ‘டவுட்’. பிடியாணை இல்லாமல் கைது செய்வதற்குச் சட்டம் கேட்பது ‘ரீசனபிள் சஸ்பிஷன்’. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 41ஆவது பிரிவு, அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 35ஆவது பிரிவு. தண்டிப்பதற்கு நீதிமன்றம் கேட்பது ‘பியாண்ட் ரீசனபிள் டவுட்’. ‘இவன் செய்திருப்பான்’ என்று போலீஸ் நினைப்பது சஸ்பிஷன், ‘உண்மையில் இவன்தான் செய்தானா’ என்று நீதிபதி தயங்குவது டவுட். சஸ்பிஷன் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அது நிரூபணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. அந்த வாக்கியத்தில் ‘டவுட்’ என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள், அர்த்தமே கெட்டுவிடும். போலீஸ் செய்தியில் ‘174’ என்று வரும் சந்தேக மரண வழக்கும் (அது பழைய சட்டத்தின் பிரிவு எண், புதியதில் 194) சஸ்பிஷன் பக்கம்தான்: வேறு யாரோ குற்றம் செய்திருக்கலாம் என்று எண்ண இடமிருக்கும் சாவு. ‘டவுட்ஃபுல் டெத்’ என்று மொழிபெயர்த்தால் ஆள் செத்தாரா இல்லையா என்பதே சந்தேகம் என்று படிக்கிறவர் முழிப்பார்.

உங்கள் தொழிலிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. வாகன உதிரிபாக ஆலைகள் பலவும் பின்பற்றும் ஐஏடிஎஃப் 16949 தரத்தில் ‘சஸ்பெக்ட் ப்ராடக்ட்’ என்று ஒரு பதம் வரும். நிலை தெரியாத பொருளையும் சஸ்பெக்ட் பொருளையும் தகுதியற்ற பொருளாகவே கருதிக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது விதி. அதாவது நல்லது என்று நிரூபிக்கும் வரை கெட்டது. ஆலையில் தனியாக அடையாளச் சீட்டு ஒட்டி, கூண்டுக்குள் பூட்டி வைக்கிறீர்களே, அதுதான். ‘சஸ்பெக்ட்’ என்ற சொல் ‘பழுது இருக்கும்’ பக்கம் சாய்வதால்தான் இந்த விதிக்குப் பொருந்துகிறது. நம்மவர்கள் அந்தப் பெட்டிமேல் ‘டவுட் மெட்டீரியல்’ என்று எழுதி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். உள்ளூரில் எல்லாருக்கும் புரியும், தணிக்கைக்கு வெளியாள் வரும் நாளில் மட்டும் கொஞ்சம் தலையைச் சொறிவார். ஆகவே ‘சஸ்பெக்ட்’ உங்களுக்குப் புதிய சொல் அல்ல, தினம் கையில் படுவதுதான். மடல் எழுதும்போது அந்தக் கூண்டை நினைத்துக்கொண்டாலே பாதிப் பிழை வராது.

மருத்துவமனையில் இது விளையாட்டு இல்லை. ‘ஐ சஸ்பெக்ட் டெங்கு’ என்று மருத்துவர் சொன்னால் ரத்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டும். ‘ஐ டவுட் இட்ஸ் டெங்கு’ என்றால் டெங்குவாக இருக்காது, கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் ‘டாக்டர் டெங்கு டவுட்னு சொல்றாரு’ என்று வெளியில் வந்து சொந்தக்காரர்களிடம் சொல்லும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, வீடே கலங்கிப் போகிறது. உண்மையில் நம் மருத்துவர்களே தமிழ் நோயாளியிடம் ‘டெங்கு டவுட்டா இருக்கு’ என்றுதான் சொல்கிறார்கள், அங்கே அது தமிழ் டவுட்டு. யார் யாரிடம் எந்த மொழியில் சொன்னார் என்று பார்க்காமல் பொருள் கொள்ள முடியாது.

வேர்ச்சொல் தெரிந்தால் நினைவில் நிற்கும் என்பவர்களுக்கு: ‘டவுட்’ லத்தீனின் ‘துபிதாரே’யிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. இரண்டு என்ற எண்ணோடு தொடர்புள்ள சொல், இரு மனமாக நிற்பது. ஆங்கிலத்துக்கு வந்தபோது எழுத்தில் ‘பி’ கிடையாது, லத்தீன் படித்தவர்கள் பிற்பாடு எழுத்தில் மட்டும் செருகினார்கள். அதனால்தான் அதை இன்றும் உச்சரிப்பதில்லை. ‘சஸ்பெக்ட்’ என்பதற்குக் கீழிருந்து மேலே பார்ப்பது என்று மூலப்பொருள், தலையைத் தூக்காமல் புருவத்துக்கு அடியிலிருந்து ஒரு பார்வை பார்ப்போமே, அது. இந்தச் சொல்லில் உச்சரிப்பையும் கவனியுங்கள். வினையாக இருந்தால் அழுத்தம் இரண்டாம் அசையில், சந்தேக நபர் என்ற பெயராக இருந்தால் முதல் அசையில்.

சுவையான விஷயம் ஒன்று உண்டு, மடலுக்கு உதவாது. நாம் செய்யும் இதே குழப்பத்தை ஒரு காலத்தில் ஆங்கிலேயர்களும் செய்தார்கள், அப்போது அது குழப்பமாகக் கருதப்படவும் இல்லை. 1600 வாக்கில் ஷேக்ஸ்பியர் எழுதிய ‘ஹாம்லெட்’டில், செத்துப்போன அப்பாவின் ஆவி கவசத்தோடு உலவுகிறது என்று கேள்விப்பட்ட இளவரசன் ‘ஐ டவுட் சம் ஃபவுல் ப்ளே’ என்கிறான். இன்றைய ஆங்கிலத்தில் அது ‘சதி எதுவும் இருக்காது’ என்றாகிவிடும். அவன் சொன்னது ‘ஏதோ சதி நடந்திருக்கிறது’. அதே நாடகத்தில் அவன் காதலிக்கு எழுதும் நாலு வரியில் ‘டவுட்’ திரும்பத் திரும்ப வருகிறது. விண்மீன்கள் நெருப்பா என்று சந்தேகி, சூரியன் நகர்கிறதா என்று சந்தேகி என்னும்போது ‘நம்பாதே’ என்ற பொருள். உண்மையே பொய்யனோ என்று சந்தேகி என்னும் மூன்றாவது வரியில் ‘சஸ்பெக்ட்’ என்ற பொருள். என் காதலை மட்டும் சந்தேகிக்காதே என்று முடிக்கும்போது மறுபடி முதல் பொருள். ஸ்காட்லாந்துப் பேச்சில் இன்றைக்கும் ‘ஐ டவுட் இட் வில் ரெயின்’ என்றால் ‘மழை வந்துவிடும் போலிருக்கிறதே’ என்று பொருள்படும். ஆகவே பாலக்கோட்டுக்காரர் எழுதியதை ஒரு ஸ்காட்லாந்துக் கிழவர் படித்திருந்தால் சரியாகவே புரிந்துகொண்டிருப்பார். உங்கள் வாடிக்கையாளர் அவர் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு வினைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் இடமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் என்னைப் பிடிப்பீர்கள். ‘சஸ்பெக்ட்’டுக்குப் பின்னால் வாக்கியம் வராமல் ‘மோட்டிவ்’, ‘சின்சியாரிட்டி’ போன்ற பெயர்ச்சொல் வந்தால் அது நம்பாமைப் பக்கம் திரும்பிவிடும். ‘ஐ சஸ்பெக்ட் ஹிஸ் மோட்டிவ்ஸ்’ என்றால் அவன் நோக்கம் நல்லதா என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ‘சின்சியாரிட்டி’யோடு ‘டவுட்’ போட்டாலும் ‘சஸ்பெக்ட்’ போட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. குழப்பமாக இருந்தால் இந்த இடத்தில் ‘கொஸ்டின்’ என்ற வினையைப் போட்டுவிட்டுப் போங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அப்புறம், ‘சஸ்பெக்ட்’ என்றாலே கெட்டதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ‘ஐ சஸ்பெக்ட் யூ வில் லைக் அவர் ராகி களி’ என்று நண்பரிடம் சொல்லலாம். ‘பிடிக்கும் என்று நினைக்கிறேன்’ என்பதை மெல்லிய குறும்போடு சொல்வது அது. பிரிட்டிஷ்காரர்கள் அடித்துச் சொல்லத் தயங்கும் இடத்தில் எல்லாம் இதைப் போடுவார்கள். ‘ஐ சஸ்பெக்ட் த டிராயிங் இஸ் அவுட் ஆஃப் டேட்’ என்று உங்களுக்கு எழுதினால், ‘வரைபடம் பழசு, பார்த்து மாற்று’ என்று பணிவாகச் சொல்கிறார்கள். திருட்டுப் பட்டம் கட்டுகிறார்கள் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம்.

‘நோ டவுட்’ இன்னொரு கண்ணி. பார்த்தால் ‘சந்தேகமே இல்லை’ என்று அடித்துச் சொல்வது போலத் தெரியும். ஆனால் வாக்கியத்தின் தொடக்கத்தில் ‘நோ டவுட் ஹி இஸ் பிசி’ என்று வந்தால் ‘வேலையாக இருப்பார் போல’ என்ற அளவுக்குத்தான் பலம், சில சமயம் குத்தலும் இருக்கும். உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் ‘தேர் இஸ் நோ டவுட் தட்’ அல்லது ‘வித்தவுட் டவுட்’. அறிக்கையில் ‘நோ டவுட் த பேட்ச் வாஸ் செக்டு’ என்று எழுதினால் சோதித்ததாக நீங்கள் ஊகிக்கிறீர்கள் என்று படிக்கப்படும்.

பெயரடைகளில் ‘சஸ்பிஷியஸ்’ மட்டும் கவனம். ‘ஹி இஸ் சஸ்பிஷியஸ்’ என்றால் அவர் சந்தேகப் பிராணியாகவும் இருக்கலாம், சந்தேகத்துக்கு இடமான ஆளாகவும் இருக்கலாம். ‘சஸ்பிஷியஸ் ஆஃப்’ என்று ‘ஆஃப்’ சேர்ந்தால் முன்னது, ‘லுக்ஸ் சஸ்பிஷியஸ்’ என்றால் பெரும்பாலும் பின்னது. ‘டவுட்ஃபுல்’ தன் வினையைப் போலவே ‘நடக்காது’ பக்கம்தான். ‘டெலிவரி பை ஃப்ரைடே இஸ் டவுட்ஃபுல்’ என்றால் வெள்ளிக்கிழமைக்குள் வராது என்று வைத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள்.

கடைசியாக ‘ஐ ஹேவ் எ டவுட்’. இந்தியாவில் வகுப்பிலும் அலுவலகத்திலும் ‘ஒரு கேள்வி கேட்கணும்’ என்ற பொருளில் இது எல்லா மாநிலத்திலும் ஓடுகிறது. பெங்களூரில் நேர்காணல் எடுப்பவர் இந்தியராக இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், ஒன்றும் ஆகாது. அதைத் தவறு என்று முகம் சுளிக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இத்தனை கோடிப் பேர் ஒரே பொருளில் பேசி ஒரே பொருளில் புரிந்துகொண்டால் அதுவும் ஒரு வழக்குதான். எதிரில் இருப்பவர் இங்கிலாந்து, அமெரிக்கா ஆளாக இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும். அவர் விளக்கி முடித்ததும் நீங்கள் ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்றால், ‘நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை’ என்று அவர் காதில் விழும். அவர் தன் வாதத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் தயாராகிவிடுவார், நீங்களோ வெறும் விளக்கம் கேட்க வாயைத் திறந்திருப்பீர்கள். அங்கே ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ போதும். புரியாததை மறுபடி சொல்லச் சொல்ல ‘குட் யூ எக்ஸ்ப்ளெயின் தட் எகெயின்?’ சொன்னதில் உண்மையிலேயே உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்றால் அப்போது ‘ஐ ஹேவ் சம் டவுட்ஸ் அபௌட் திஸ்’ என்று பன்மையில் சொல்லுங்கள். அதை அவர் நீங்கள் நினைத்த பொருளிலேயே எடுத்துக்கொள்வார்.